புகாரின் மனையும் மதுரையின் மறுகும்

சிலப்பதிகாரத்து 5ஆம் காதையாகிய இந்திரவிழவூரெடுத்த காதையையும் 14ஆம் காதையாகிய ஊர்காண் காதையையும் நகர் வருணனை என ஒன்றாக எண்ணுவது வழக்கு. இரண்டும் ஒரு நெறியின அல்ல. புகாரில் அடிகள் காட்டுவது மாந்தர் உறையும் இடம். மதுரையில் காட்டுவது பொருள் விற்கும் இடம். இவ்வேற்றுமை கதையொடு பிணைந்தது.

புகார்ப் பகுதியை நோக்குக. மருவூர்ப்பாக்கத்தில் யவனர் இருக்கையும், கலம் தரு செல்வத்தால் வந்த பிறநாட்டார் கலந்துறையும் கரையும், கம்மியர் இடங்களும் கூறப்படுகின்றன. பட்டினப்பாக்கத்தில் பெருங்குடி வணிகர், மறையோர், உழவர், மருத்துவர், கணிவர் என உறைவோர் பெயராலேயே இடங்கள் சுட்டப்பெறுகின்றன. இரு பாக்கத்துக்கும் இடையே, மரச்சோலையில், நாளங்காடி அமைகின்றது. கடையும் ஈண்டுக் குடிகளை இணைக்கும் பொதுவிடமாகவே நிற்கின்றது.

மதுரையிலோ மணிகளின் குணமும் குற்றமும் விரிகின்றன. பொன், அறுவை, கூலம் விற்கும் வீதிகள் தொடர்கின்றன. நால்வகை மாந்தர் தெருக்களோ ஒரு தொடரில் அடங்கிவிடுகின்றன. கணிகையர் வீதி விரிவாகக் கூறப்பட்டதன்றோ எனின், ஆண்டும் பேசப்படுவது வருவோர் துய்ப்பே, உறைவோர் வாழ்க்கையன்று. புகாரில் இருக்கை பெற்ற யவனர் மதுரையில் வாளேந்திய வாயிற்காவலர்.

மதுரைக்காஞ்சி முன்னரே விரித்தமையின் அடிகள் சுருக்கினார் எனல் பொருந்தாது. பட்டினப்பாலை இருப்பவும் புகாரை அவர் விரித்தாரன்றோ?

காரணம் காண்பவன் நிலையில் உளது. புகாரை அடிகள் தம் கூற்றாக, உள்ளிருந்தார்போலக் காட்டுகின்றார். மதுரையைக் காண்பவன் கோவலன். அந்நகர வணிகர்க்குத் தன் நிலை உணர்த்தி வருவதாகக் கூறிச் சென்றவன், வணிகர் எவரையும் கண்டு பேசியதாகக் காதை கூறவில்லை. கடைகளைக் கண்டான், மகிழ்ந்தான், மீண்டான். ஒரு மனையின் கதவும் அவனுக்குத் திறக்கவில்லை.

இவ்வுண்மையை இன்றும் உணரலாம். தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே சாலையில் அமைந்தது கந்தர்வக்கோட்டை. அவ்வூரார் இரு நகர்க்கும் செல்வர். இரண்டிலும் கீழராச வீதி உண்டு; வடக்கு ராச வீதியும் உண்டு. பெயர் ஒன்றாயினும் உறைவோர்க்கு அவை வெவ்வேறு வீதிகள். பொருள் கொள்ளச் சென்று மீள்வோர்க்கோ கடைவரிசையே நகர். திண்ணைக்கு அப்பால் அவர் அறியார்.

கோவலனும் கண்ணகியும் பாண்டியன் தலைநகரில் குடிபுகுந்த ஒரே மனை, மதிலகத்து ஆயர் சேரியில் மாதரி அளித்த, செம்மண் பூசிய சிற்றில். கோநகரின் மணிவீதியை இத்துணை விரித்த புலவர், அடைக்கலம் தந்த வீட்டை அவ்வீதியில் அன்றி ஆயர் சேரியில் வைத்தார். நகர் வருணனை கதையைத் தடுத்து நிறுத்தும் அணி என்பார் இவ்வமைப்பினை எண்ணுக. கொலைக்கு முன்னரே, மதுரை கோவலனுக்கு வீடாகவில்லை என்பதை ஊர்காண் காதை கூறாமற் கூறிவிட்டது.