அழியும் ஓவியமும் அடிக்குறிப்பும்: கலைஞர் வலைத்தளங்கள் சில – ஓர் ஒப்பீடு

கலைஞர் ஒருவர் தம் படைப்புகளைத் தொகுத்து வைக்கும் வலைத்தளத்தைத் தமிழ்த் திறனாய்வு இன்னும் தன் எல்லைக்குள் கொண்டுவரவில்லை. நூல் வெளிவந்தால் மதிப்புரை எழுதப்படுகிறது. நாடகம் அரங்கேறினால் நாளிதழில் நான்கு வரியாவது வருகிறது. தளம் மட்டும் விளம்பரப் பலகையின் இனமாக எண்ணப்பட்டு ஒதுக்கப்படுகின்றது. ஜொகூர் மாநிலத்தில் ஓவியமும் கோலமும் பந்தல் அலங்காரமும் பயின்ற இளைஞர் பலர் இன்று தமக்கென ஒரு தளம் அமைக்க முனைகின்றனர். வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் கல்லூரியில் இடம் கேட்கும்போதும் படைப்புகளை எங்கே பார்க்கலாம் என்னும் வினாவை அவர்கள் எதிர்கொள்கின்றனர். அவர்களுள் சிலர் தமிழாசிரியரிடம் வந்து, தளத்தில் என்ன எழுதுவது என்று கேட்பதும் உண்டு. எப்படி அழகுபடுத்துவது என்பதைக் காட்டிலும் அவ்வினாவே அடிப்படையானது என்பது நம் கருத்து. அதனை விளக்கும் பொருட்டு நான்கு கலைஞர்களின் தளங்களை ஈண்டு ஒப்பிட்டு நோக்குவோம்.

நான்கையும் ஒரு காரணம் பற்றியே தெரிந்தெடுத்தோம். அக்கலைஞர்களின் படைப்புகளுள் பெரும்பாலானவை நிலைத்து நில்லாதவை. நம் இளைஞர்களின் படைப்புகளும் அத்தகையனவே. தீபாவளிக்குப் பேரங்காடியின் நடுக்கூடத்தில் வண்ண அரிசியால் இடும் கோலம் பண்டிகை முடிந்ததும் கூட்டி அள்ளப்படுகிறது. திருமணப் பந்தலில் கட்டிய தென்னங்குருத்துத் தோரணம் மறுநாளே வாடுகிறது. தமிழ்ப்பள்ளிச் சுவரில் தீட்டிய திருவள்ளுவர் அடுத்த வண்ணப்பூச்சு வரைதான் இருப்பார். சட்டமிட்டு மாட்டும் ஓவியங்களுக்கென வளர்ந்த கண்காட்சிக்கூட முறையை இவற்றுக்கு அப்படியே பொருத்துதல் இயலாது. விற்பதற்கு எதுவும் எஞ்சாத கலைஞனுக்குத் தளம் கடையாக இருக்க முடியாது. வேறொன்றாக இருந்தாக வேண்டும்.

இதற்கு ஜொகூரிலேயே ஒரு சான்று உண்டு. லித்துவேனியாவில் பிறந்த எர்னெஸ்ட் சக்கரேவிச், 2012இல் பினாங்கு ஜார்ஜ்டவுனின் ஆர்மீனியன் தெருவில் மிதிவண்டியில் செல்லும் சிறுவர் இருவரைத் தீட்டிப் புகழ்பெற்றவர். அவரே 2013 நவம்பரில் ஜொகூர் பாருவில் ஒரு கட்டடத்தின் மூலையில் லெகோ பொம்மை வடிவில் இருவரைத் தீட்டினார். கைப்பையோடு ஒரு பெண் நடந்து வருகிறாள்; மூலைக்கு அப்பால், அவள் கண்ணில் படாமல், கத்தியேந்திய வழிப்பறிக்காரன் காத்து நிற்கிறான். நகரின் குற்றச்செயல்களைச் சுட்டிய அவ்வோவியத்தை ஜொகூர் பாரு மாநகர் மன்றம் சில நாள்களுக்குள்ளேயே வெள்ளையடித்து மறைத்தது. அதற்குள் யாரோ ஒருவர் கைவிலங்கோடு வரும் லெகோ காவலர் ஒருவரையும் பக்கத்தில் சேர்த்துவிட்டிருந்தார். அவ்வோவியம் இப்போது நிழற்படத்தில்தான் உள்ளது. நிழற்படத்தில் இருவரையும் ஒருங்கே காண்கிறோம். தெருவில் நடந்து வந்தவரோ முதலில் ஒருவரை மட்டுமே கண்டிருக்கக் கூடும். ஓவியத்தின் பொருளே அந்த மூலையில்தான் இருந்தது. இடமும் காலமும் அறியாமல் படத்தை மட்டும் காண்பவர்க்கு அது ஒரு வேடிக்கைப் படமாகவே தோன்றும். படம் எடுத்து வைப்பது மட்டும் போதாது என்பதை இவ்வொரு சான்றே காட்டும்.

அழியும் படைப்பை எவ்வாறு பதிவு செய்வது என்பதை மிக முழுமையாகச் சிந்தித்தவர்கள் கிறிஸ்தோ, ழான் குளோது இணையரே எனலாம். கட்டடங்களையும் பாலங்களையும் துணியால் போர்த்திச் சில நாள்களில் அகற்றிவிடுவது அவர்களின் கலை. 1995இல் பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தை ஏறத்தாழ 1,00,000 சதுர மீட்டர் துணியால் போர்த்தினர். அது பதினான்கு நாள்களே நின்றது. அவர்களின் தளம் இவ்வளவையும் அளவுகளோடு சொல்கின்றது. துணி எவ்வளவு, கயிறு எவ்வளவு, பணம் எவ்வாறு திரட்டப்பட்டது என்பனவெல்லாம் அங்கு உண்டு. அப்படைப்பின் தலைப்பிலேயே '1971–95' என்னும் ஆண்டுகள் இடம்பெறுகின்றன. எண்ணம் தோன்றிய ஆண்டு முதலாவது. நிறைவேறிய ஆண்டு இரண்டாவது. பதினான்கு நாள் காட்சிக்குப் பின்னால் இருபத்து நான்கு ஆண்டு முயற்சி இருந்ததை ஓர் இணைப்புக்குறி சொல்லிவிடுகிறது. கிறிஸ்தோ 2020இல் மறைந்த பின்னர் 2021இல் நிறைவேறிய பாரிஸ் வெற்றி வளைவுப் படைப்பும் '1961–2021' என்றே குறிக்கப்படுகின்றது. நிறைவேறாமற்போன திட்டங்களுக்கும் அத்தளத்தில் தனியிடம் உண்டு. தம்மைப் பற்றிப் பிறர் வழக்கமாக எழுதும் பிழைகளைத் தொகுத்துத் திருத்தம் கூறும் கட்டுரை ஒன்றையும் அவர்கள் வெளியிட்டனர். சற்றே கண்டிப்பான பள்ளி ஆசிரியரின் குரல் அதில் ஒலிக்கிறது. ஆயினும் அதனால் பயன் மிகுதி.

பிரித்தானியக் கலைஞர் ஆண்டி கோல்ட்ஸ்வர்த்தியின் வழி வேறு. உதிர்ந்த இலை, பனிக்கட்டி, ஆற்றங்கரைக் கல் ஆகியவற்றைக் கொண்டு வெட்டவெளியில் அவர் அமைப்பவற்றுள் சில, வெயில் ஏறும் வரைகூட நில்லா. 1976 முதல் 1986 வரையிலான அவருடைய ஆக்கங்கள் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் துணையோடு மின்னியல் அட்டவணையாக்கப்பட்டன. நிழற்பட வில்லைகளோடு அவருடைய நாட்குறிப்புகளும் அதற்கு அடிப்படையாயின. வானிலை எவ்வாறு இருந்தது, எது சரிந்தது, எது ஒட்டவில்லை என்னும் செய்திகள் அங்குக் கிடைக்கின்றன. கோலமிடுவோர்க்கு இதனினும் நெருங்கிய முன்மாதிரி வேறில்லை. மழை வந்ததால் மார்கழிக் கோலம் பாதியில் நின்றது என்பதும் ஒரு கலைக்குறிப்பே.

பேங்க்ஸியின் தளத்தில் படங்கள் உள்ளன. சொற்கள் மிகக் குறைவு. தெருவில் காணும் ஓவியம் தம்முடையதா அன்றா என்பதை உலகுக்கு அறிவிப்பதே அதன் முதற்பணி. 2013 அக்டோபர் மாதம் முழுதும் அவர் நியூயார்க்கில் நாளொன்றுக்கு ஒரு படைப்பாக வெளியிட்டபோது, ஒவ்வொன்றும் தளத்தின் வழியே அறிவிக்கப்பட்டது. அருங்காட்சியக வழிகாட்டிகளைக் கேலி செய்யும் ஒலிப்பதிவுகளும் உடன் வந்தன. நம் இளைஞர்களுக்கு மிகவும் பிடித்த தளம் இதுதான். அவர்கள் பின்பற்றக் கூடாததும் இதுவே. உலகறிந்தவரின் மௌனம் புதிராகச் சுவைக்கப்படும். மாசாயிலோ உலு திராமிலோ வாழும் இருபது வயது ஓவியரின் மௌனத்தை எவரும் அவ்வாறு சுவைக்கப் போவதில்லை; அங்கே ஒன்றும் எழுதப்படவில்லை என்றுதான் கொள்வர்.

நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் இப் இயூ சோங் சுவரோவியங்கள் தீட்டி வருகிறார். கணக்காளராகப் பணியாற்றிய அவர் 2018இல் முழுநேரக் கலைஞரானார். தியோங் பாரு, சைனாடவுன் முதலிய பகுதிகளில் தாம் வரைந்த பழைய வாழ்க்கைக் காட்சிகள் எங்குள்ளன, எந்த நினைவிலிருந்து பிறந்தன என்பதைத் தம் தளத்தில் எளிய நடையில் எழுதுகிறார். கணக்காளரின் ஒழுங்கும் கதைசொல்லியின் நினைவும் கலந்த எழுத்து அது. கிறிஸ்தோவின் தளத்துக்கு ஒரு நிறுவனத்தின் உழைப்பு வேண்டும். இதற்கு ஒருவரின் மாலை நேரம் போதும். ஆதலால் ஜொகூர் இளைஞர்களுக்கு முதலில் காட்டத்தக்கது இத்தளமே என்பது நம் முடிபு.

இந்நான்கையும் அளக்கும் கோலைத் தமிழறிஞர் வெளியிலிருந்து இரவல் பெற வேண்டியதில்லை. உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் பாடல்களின் கீழ்த் திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர் என்னும் குறிப்புகள் உள்ளன. அக்குறிப்புகள் சிதைந்த இடங்களில் ஆய்வாளர் படும் பாட்டை நாம் அறிவோம். பெயர் கிட்டாதபோது பாடலின் தொடரையே புலவர்க்குப் பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றும் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றும் வழங்கினர். அழகிய பெயர்கள்தாம். எனினும் அவர்தம் ஊரும் காலமும் அவற்றால் விளங்கவில்லை. கலைஞர் தளத்தின் ஒவ்வொரு படத்தின் கீழும் வேண்டப்படுவது இத்தகைய அடிக்குறிப்பே: யார் படைத்தது, யார் கேட்டது, எங்கு, எப்போது, எப்பொருளால், எவ்வளவு, பின்னர் என்னவாயிற்று. இறுதி வினாவைப் பெரும்பாலோர் விட்டுவிடுகின்றனர். ஜொகூர் பாரு லெகோ ஓவியத்துக்கோ அவ்வினாவின் விடையே முதன்மையான செய்தி.

நம் இளைஞர்கள் அமைக்கும் தளங்களில் நாம் காணும் குறை இதுதான். ஆயத்த வார்ப்புருவைத் தெரிவு செய்கின்றனர். அது பெரிய படங்களுக்கு இடமளித்து எழுத்தை ஓரங்கட்டுகிறது. 'என்னைப் பற்றி' என்னும் பக்கத்தில் 'சிறு வயது முதலே கலையில் ஆர்வம்' என்ற வாக்கியம் தவறாமல் இருக்கும். ஆர்வமில்லாத கலைஞர் எவரேனும் தளம் அமைத்ததுண்டோ? அதனை நீக்கி, முதல் சுவரை எந்த ஆண்டு எந்தப் பள்ளியில் தீட்டினார் என்று எழுதினால் பக்கம் உயிர்பெறும். தமிழ் எழுத்தைப் படமாக ஒட்டிவைப்பது மற்றொரு குறை. கண்ணுக்கு அது எழுத்தாகத் தோன்றினும் தேடுபொறி அதனை எளிதில் எழுத்தாகக் கொள்வதில்லை. பெயரை உரோமன் எழுத்தில் ஓரிடத்தில் ஒருவாறும் பிறிதோரிடத்தில் வேறுவாறும் எழுதுவோரும் உளர். ஒருவரே இருவராகி விடுகின்றனர். அடையாள அட்டையில் உள்ளவாறு ஒரு வடிவும் தமிழில் ஒரு வடிவும் எல்லாப் பக்கங்களிலும் மாறாது நிற்றல் வேண்டும். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் குறிப்பெழுத இயலாதெனின் தமிழை முதலில் விட்டுவிடும் வழக்கத்தை ஏற்பதற்கில்லை. 'தென்னங்குருத்து', 'புள்ளிக்கோலம்', 'சிக்குக்கோலம்' என்பன இத்தொழிலின் கலைச்சொற்கள். அவற்றைத் தேடி வருவோர் தமிழில்தான் தேடுவர்.

தளமும் அழியும் என்பதை மறத்தலாகாது. 2000களில் கலைஞர் பலர் பிளாஷ் நுட்பத்தில் அசையும் முகப்புகளை விரும்பி அமைத்தனர். அடோபி நிறுவனம் 2020ஆம் ஆண்டு இறுதியோடு அந்நுட்பத்தைக் கைவிட்டது. இலவச இடம் தந்த ஜியோசிட்டிஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. ஒருங்குறி பரவுமுன் தனித்தனி எழுத்துருக்களில் எழுதிய தமிழ்ப் பக்கங்கள் இன்று பொருளற்ற குறிகளாகத் திறக்கின்றன. ஆகவே எளிய எழுத்தும் எளிய படமுமே நெடுநாள் வாழத் தக்கவை. குறிப்புகளைத் தனிக்கோப்பாகத் தொகுத்து, ஆண்டுக்கு ஒருமுறை அச்சிட்டு வைத்தலும் நன்று. தளம் போயினும் தாள் இருக்கும்.

இன்னொன்று, உடன் உழைத்தோர் பெயர். கிறிஸ்தோவின் பெயரால் மட்டும் வழங்கிவந்த வெளிப்புறப் படைப்புகள் இருவருக்கும் உரியவை என்று அவ்விணையர் 1994இல்தான் அறிவித்தனர். பேரங்காடிக் கோலம் ஒருவரால் இடப்படுவதன்று. புள்ளி வைத்தவர் ஒருவர், அரிசிக்கு வண்ணமேற்றியவர் ஒருவர், விளிம்பு கட்டியவர் வேறொருவர். அவர்களுள் தளம் வைத்திருப்பவர் பெயரில் அக்கோலம் முழுதும் சென்று சேர்வதை நாம் காண்கிறோம். மாணவர் பயிற்சிக்காக நாம் வகுத்த மாதிரிக் குறிப்பு வருமாறு: 'சிக்குக்கோலம். வண்ண அரிசி. பன்னிரண்டு அடி விட்டம். நால்வர் ஒன்பது மணி நேரத்தில் இட்டது. புள்ளி வைத்தவர் இன்னார், வண்ணமேற்றியவர் இன்னார், விளிம்பு கட்டியோர் இன்னார் இருவர். ஆறாம் நாள் அகற்றப்பட்டது.' இதனை நிரப்பச் சொன்னால் அளவையும் நேரத்தையும் மாணவர் உடனே எழுதிவிடுகின்றனர். உடன் உழைத்தோரின் முழுப்பெயர்களுக்குத்தான் ஒருவரையொருவர் புலனத்தில் அழைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.