ஸ்னோ ஃபால்: டனல் க்ரீக் பனிச்சரிவு – விமர்சனம்

'ஸ்னோ ஃபால்' அமெரிக்க இதழாளர் ஜான் பிராஞ்ச் எழுதிய நெடுங்கட்டுரை. 2012 டிசம்பரில் தி நியூயார்க் டைம்ஸ் இணையதளத்தில் ஆறு பகுதிகளாக வெளிவந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் காஸ்கேட் மலைத்தொடரில், ஸ்டீவன்ஸ் பாஸ் பனிச்சறுக்கு மையத்தின் எல்லைக்கு வெளியே உள்ள டனல் க்ரீக் சரிவில் 2012 பிப்ரவரி 19 அன்று மூவரைக் கொன்ற பனிச்சரிவைப் பற்றியது. 2013-ல் புலிட்சர் பரிசு பெற்றது.

இக்கட்டுரையைப் பாராட்டியவர்கள் பெரும்பாலும் அதன் வடிவத்தையே பேசினர். திரையை நகர்த்தும்போது மலை சுழல்கிறது, வீரர்கள் இறங்கிய பாதைகள் கோடுகளாக நீள்கின்றன. இணைய இதழியலில் இது ஒரு புதிய தொடக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் படைப்பின் வலிமை பிராஞ்ச் பொறுமையாகத் தொகுத்திருக்கும் மௌனங்களில்தான் இருக்கிறது.

அன்று உச்சியில் கூடியவர்களில் தொழில்முறை வீரர்கள், பனிச்சறுக்கு இதழாளர்கள், அம்மலையைப் பல ஆண்டுகளாக அறிந்த உள்ளூர்க்காரர்கள் இருந்தனர். ஆபத்து பற்றிய முன்னறிவிப்பும் வெளியாகியிருந்தது. குழு இவ்வளவு பெரிதாகிவிட்டதே என்று சிலருக்கு உறுத்தியது. ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தன்னைவிட விவரமறிந்தவர்கள் அருகில் நிற்கும்போது எப்படிச் சொல்வது என்ற தயக்கம் அது. பழகிய இடம், நிபுணர் மீதான நம்பிக்கை, கூட்டம் தரும் தைரியம் ஆகியவை பனிச்சறுக்கு வீரர்களை எப்படி ஏமாற்றுகின்றன என்று இயன் மக்கேமன் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஆய்வுசெய்து எழுதியிருந்தார். அதை ஒரு காலைப்பொழுதின் நிகழ்வுகளாகவே இங்கே வாசிக்கிறோம்.

பனியின் இயல்பையும் பிராஞ்ச் தெளிவாகச் சொல்கிறார். (விடியற்காலைத் துளி, மார்கழி மூடுபனி, உறைந்த மழை எல்லாவற்றுக்கும் தமிழில் 'பனி' என்ற ஒரே சொல் இருப்பதால் நாம் இப்பகுதியைச் சற்று நிதானமாகவே படிக்க வேண்டும்.) தெளிந்த குளிர் இரவுகளில் பனிப்பரப்பின் மேல் இறகுபோன்ற படிகங்கள் முளைக்கின்றன. அதன்மேல் புதுப்பனி விழுந்து மூடினால் அது பலவீனமான அடுக்காகப் புதைந்து கிடக்கும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில் ஒரு மனிதரின் எடையே மேலுள்ள பாளத்தை உடைத்துவிடப் போதும்.

குறையும் இங்கேதான் தொடங்குகிறது. கட்டுரை பனிச்சரிவில் சிக்கிய ஒருவரின் அனுபவத்தோடு திறக்கிறது. பனி பாய்ந்துவரும் வேகத்தை அசைபடம் காட்டுகிறது. இரண்டும் மலையை வில்லனாக்குகின்றன. ஆனால் பனிச்சறுக்கு வீரர்களைக் கொல்லும் சரிவுகளில் பெரும்பாலானவற்றை அவர்களோ அவர்களுடன் வந்தவர்களோதான் தூண்டிவிடுகிறார்கள். பிராஞ்ச் எவரையும் குற்றவாளியாக்காதது சரியானதே. ஆனால் அவருடைய உரைநடை காக்கும் சமநிலையைப் படங்கள் காக்கவில்லை. உயிர்தப்பியவரின் காற்றுப்பைக்குத் தனி அசைபடம் உண்டு. மரங்களும் பாறைகளும் நிறைந்த குறுகிய பள்ளத்தில் மோதி இறப்பதை அந்தப் பை தடுக்காது என்பதற்கு அவ்வளவு அழுத்தம் இல்லை.

மாணவர்கள் முதலில் உச்சியில் நடக்கும் உரையாடல்கள் வரும் பகுதிகளைப் படிக்கலாம். யார் யாருடன் இறங்குவது என்று பேசிக்கொள்ளும் அந்தச் சாதாரண வரிகளில்தான் பிராஞ்ச் தன் திறனின் உச்சத்தில் இருக்கிறார்.