இரு கரையிலும் ஹாம் கிளப்

சென்னை நகரம் முதன்முதலில் வானொலி கேட்டது ஒரு கிளப்பின் தயவில். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று அமைத்த மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. மூன்று ஆண்டில் கையிருப்பு கரைந்தது. 1927இல் நிலையத்தை மூடி, அலைபரப்பியை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். 1930இல் மாநகராட்சியின் ஒலிபரப்பு வந்தது. சென்னையில் கிளப் முளைத்த அதே காலத்தில் கொழும்பில் தந்தி அலுவலகத்தின் தலைமைப் பொறியாளர் எட்வர்டு ஹார்ப்பர், போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் உதிரிகளை வைத்து ஓர் அலைபரப்பியைக் கட்டி 1923இல் சோதனை ஒலிபரப்பு நடத்தினார். ஆர்வமுள்ள வெள்ளையரையும் உள்ளூர்க்காரரையும் சேர்த்து அவர் அமைத்ததுதான் சிலோன் ஒயர்லெஸ் கிளப். 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி பிறந்தது.

இரண்டு இடத்திலும் கிளப் முதலில் வந்தது, அரசு பின்னால் வந்தது. ஒலிபரப்பு அரசின் கைக்குப் போன பிறகும் ஆர்வலர்கள் தங்கள் கருவிகளை விடவில்லை. உரிமம் பெற்று, சொந்த அழைப்புக்குறியோடு, காசு வாங்காமல் ஒருவரோடொருவர் வானலையில் பேசும் அந்தப் பழக்கத்தைத்தான் இன்று ஹாம் வானொலி என்கிறோம். இந்தியக்காரரின் அழைப்புக்குறி பெரும்பாலும் வி.யு.2, வி.யு.3 என்று தொடங்கும். இலங்கைக்காரருடையதில் உலகம் நன்கறிந்தது 4எஸ்7. விதிகள் ஏறக்குறைய ஒன்று, அலைவரிசைகள் ஏறக்குறைய ஒன்று, கடிகாரம்கூட ஒன்று. கிளப் நடத்தும் விதம் மட்டும் நிறைய வேறுபடுகிறது.

இலங்கையில் ஹாம் என்றால் ரேடியோ சொசைட்டி ஆஃப் ஸ்ரீலங்கா. தேசியச் சங்கம் அது ஒன்றுதான், மையம் கொழும்பு. தீவு சிறியது, ஹாம்கள் வட்டமும் சிறியது. ஒருவர் குரலை மற்றவர் தெரிந்துவைத்திருக்கிறார். அரசின் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் ஒரு விஷயம் பேச வேண்டுமானால் சங்கம் பேசும். இந்தியாவில் கதை வேறு. 1948இல் மத்தியப் பிரதேசத்து மாவ் ராணுவ சிக்னல் பள்ளியில் முளைத்த முயற்சியிலிருந்து வளர்ந்தது அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆஃப் இந்தியா. சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியத்தில் நாட்டின் உறுப்பினர் அதுதான். ஹைதராபாத்தில் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம் தனியாக இயங்குகிறது. பெங்களூரு, கொல்கத்தா, சென்னை என்று ஊருக்கு ஊர் கிளப். சில ஊர்களில் இரண்டு மூன்று. ஒருவருக்கொருவர் ஒத்துவராமல் பிரிந்தவையும் உண்டு. பிரிவினையை நான் மெச்சவில்லை. ஆனாலும் இந்தப் பரவல்தான் இந்தியாவின் பலம் என்று நினைக்கிறேன். மேற்கு வங்க ரேடியோ கிளப்பைப் பாருங்கள். கங்காசாகர் மேளாவில் கூட்டத்தில் தொலைந்துபோனவர்களை வீட்டாரோடு சேர்த்துவைக்கும் வேலையை அவர்கள் கையில் எடுத்தார்கள். தலைநகரில் உட்கார்ந்திருக்கும் ஒரு சங்கத்துக்கு அப்படி ஒரு வேலை கண்ணில் பட்டிருக்காது. அந்த ஊர்க்காரருக்குத்தான் அது படும்.

புது ஆளைச் சேர்ப்பது இரண்டு நாட்டிலும் பரீட்சையில் தொடங்குகிறது. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தேர்வு வைக்கிறது. 12 வயது நிரம்பியிருந்தால் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை. 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு மோர்ஸ் கட்டாயத்தைத் தளர்த்திய பிறகும், ஜெனரல் நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் என்ற மோர்ஸ் தேர்வை இந்தியா வைத்துக்கொண்டது. இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு நோவிஸ், ஜெனரல், அட்வான்ஸ்ட் என்று மூன்று படி வைத்திருக்கிறது. கிளப் நடத்துகிறவர் கண்ணில் பார்த்தால் மூன்று படி நல்லது. பையனுக்கு முதல் வெற்றி சீக்கிரம் கிடைக்கும். அடுத்த படிக்காகச் சங்கத்துப் பக்கம் வந்துகொண்டே இருப்பான்.

கிளப்புகள் ஆளை இழப்பது பரீட்சையில் அல்ல, அதற்குப் பிறகு. தேர்வில் தேறிய பின் காவல்துறை விசாரணை, உள்துறை ஒப்புதல் என்று இந்தியாவில் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்வதுண்டு. இலங்கையிலும் பாதுகாப்பு அனுமதி இல்லாமல் உரிமம் இல்லை. கருவி இறக்குமதிக்கும் ஆணைக்குழுவின் ஒப்புதல் வேண்டும். தேறிய சந்தோஷத்தில் இருக்கும் கல்லூரிப் பெண், அழைப்புக்குறி கைக்கு வருவதற்குள் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விடுகிறாள். அந்த இடைவெளியில் அவளுக்கு என்ன வேலை கொடுக்கிறோம் என்பதில்தான் ஒரு கிளப்பின் ஆயுள் இருக்கிறது. அலைபரப்ப அவளுக்கு உரிமை இல்லை. கேட்கலாம், கட்டலாம்.

கட்டுவதில் இந்தியா அழகான ஒரு வழியைக் காட்டியது. 2003இல் ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் பிட்எக்ஸ் என்ற கருவியை வடிவமைத்து, வரைபடத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டார். சாதாரணக் கடையில் கிடைக்கும் டிரான்சிஸ்டர், கையால் சுற்றிய கம்பிச்சுருள் இவற்றை வைத்தே பேசவும் கேட்கவும் ஆகும் கருவி. ஜப்பானியக் கருவி வாங்க வசதியில்லாத எத்தனையோ பேருக்கு அது கதவைத் திறந்தது. உலகமெங்கும் இன்று அதைக் கட்டுகிறார்கள். உரிமத்துக்குக் காத்திருக்கும் மாணவர்களை ஒரு சனிக்கிழமை மேசையைச் சுற்றி உட்காரவைத்து, முதலில் கேட்கும் பகுதியை மட்டும் கட்டவைத்தால் போதும். தான் பற்றவைத்த சர்க்யூட்டில் ஒரு மனிதக் குரல் வரும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை உரிமம் வரும்வரை எங்கும் போகாது.

அடுத்தது நெட். குறித்த நேரத்தில், குறித்த அலைவரிசையில் எல்லாரும் கூடுவதை ஹாம்கள் நெட் என்பார்கள். நெட் கன்ட்ரோல் ஒருவர்; அவர் கூப்பிட, மற்றவர்கள் அழைப்புக்குறியைச் சொல்லி ஒவ்வொருவராக வருகைப் பதிவு செய்வார்கள். கையில் நோட்டு, பேனா. புதிதாக வரும் குரல் எப்போதும் முதல் எழுத்தை விழுங்கியே வரும். பட்டனை அமுக்கிய கையோடு பேசிவிடுவார்கள். குரலை வாங்கி மறுபடி அலைபரப்ப மலைமேல் இருக்கும் ரிப்பீட்டர் விழித்துக்கொள்ளச் சிறு கணம் வேண்டும் என்பது தெரியாது. மூத்தவர் ஒருவர், “அமுக்கிட்டு ஒரு மூச்சு விட்டுப் பேசு தம்பி” என்பார். அடுத்த தடவை அழைப்புக்குறி முழுசாக வரும். பிறகு அவனிடம் ஒரு கேள்வி கேட்பார்: “ஆன்டெனா என்ன போட்டிருக்கே?” நல்ல நெட் கன்ட்ரோலுக்குத் தெரியும், புது ஆளைப் பேசவைக்க இதைவிடச் சிறந்த கேள்வி கிடையாது என்று. 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு டைபோல் கட்ட, இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் கம்பி போதும். இரண்டு தென்னை இருந்தால் இழுத்துக் கட்டிவிடலாம். அதை அவன் சொல்ல, இன்னொருவர் திருத்த, மூன்றாமவர் தன் பரண் மேல் கிடக்கும் கோஆக்ஸ் கேபிளைக் கொடுப்பதாகச் சொல்ல, அன்றைக்குக் கிளப்புக்கு ஓர் ஆள் கூடியிருக்கிறார். சங்கப் பதிவு, முத்திரை, லெட்டர்பேடு எல்லாம் இதற்கப்புறம் வரட்டும். தமிழ்நாட்டில் ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதியலாம். ஏழு பேர் வாரந்தவறாமல் நெட்டுக்கு வருவது அதைவிடக் கடினம், அதைவிட முக்கியம்.

2004 டிசம்பர் 26 சுனாமி இரண்டு நாட்டு ஹாம்களையும் ஒரே காலையில் சோதித்தது. ஹைதராபாத் நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத், வெகுகாலம் போராடிப் பெற்ற அனுமதியோடு போர்ட் பிளேரில் ஒரு குழுவை அழைத்துச்சென்று உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். அந்தமானிலிருந்து ஹாம் குரல் கேட்பது அபூர்வம் என்பதால் உலகமே அந்த அலைவரிசையில் காத்திருந்தது. நிலநடுக்கம் வந்தது, தொலைபேசி செத்தது. பொழுதுபோக்காக நிறுவிய நிலையம் அப்படியே தீவின் அவசரத் தொடர்பாக மாறியது. இலங்கையில், அப்போது ரேடியோ சொசைட்டியின் தலைவராக இருந்த விக்டர் குணதிலகவும் தோழர்களும் களத்தில் இறங்கினார்கள். ஹாம்கள் கருவியோடு அம்பாந்தோட்டைக்குப் போனார்கள். கட்டுப்பாட்டு நிலையம் கொழும்பில் பிரதமரின் அலரி மாளிகைக்குள்ளேயே அமைந்தது. ஒரே சங்கம், அரசுக்குத் தெரிந்த முகங்கள் என்பதால்தான் அந்தக் கதவு அவ்வளவு சீக்கிரம் திறந்தது என்று நான் நம்புகிறேன். இந்தியாவில் அப்படி ஒரு கதவைத் தட்ட யார் போவது என்பதிலேயே நேரம் போயிருக்கும்.

ஆனால் அன்று இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். முல்லைத்தீவும் மட்டக்களப்பும் சிதைந்து கிடந்தன. உள்நாட்டுப் போர்க்காலம் முழுக்க அந்தக் கரையில் தனியார் வீட்டில் அலைபரப்பி என்பது நினைத்தே பார்க்க முடியாத பொருள். இந்தக் கரையில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்த நாகப்பட்டினம், ஹாம்கள் அடர்ந்திருக்கும் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வெகுதூரம். இரண்டு நாட்டு முறைகளுமே கடலோரத்துத் தமிழ் ஊர்களை எட்டவில்லை.

தூரத்தைக் கணக்குப் போட்டாலே இது புரியும். வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. உயரம்தான் அதன் எல்லை. இலங்கையின் உச்சியான பிதுருதலாகலை 2,524 மீட்டர். அங்கே ரிப்பீட்டர் வைத்தாலும் அதன் அலை எட்டும் தொடுவானம் சுமார் 207 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். யாழ்ப்பாணம் அங்கிருந்து 300 கிலோமீட்டர். கோடியக்கரையிலிருந்தோ யாழ்ப்பாணக் கரை வெறும் 60 கிலோமீட்டர் அளவுதான். இடையில் மலை இல்லை, கட்டடம் இல்லை, கடல் மட்டும். வெப்பக் காலத்தில் கடல்மேல் படியும் காற்றடுக்கு அலையை வளைத்துக் கூட்டிப்போகும். வேதாரண்யத்து டீக்கடையில் இலங்கை எஃப்.எம். கணீரென்று கேட்பதை அந்தப் பக்கத்தார் யாரும் ஆச்சரியமாகச் சொல்லமாட்டார்கள். யாழ்ப்பாணத்து ஹாமுக்குக் கொழும்பைவிட நாகை பக்கம். இயற்கை போட்ட கணக்கு அது.

குறுக்கே நிற்பது பயம். அலைபரப்பி என்றால் இரு கரையிலும் போலீஸ் நினைவுதான் முதலில் வருகிறது. 1986 நவம்பரில் சென்னையில் பறிமுதல் செய்த ஒயர்லெஸ் கருவிகளைத் திருப்பிக் கேட்டுத்தான் புலிகள் தலைவர் பிரபாகரன் உண்ணாவிரதம் இருந்தார். அந்தக் காலத்தை வாழ்ந்த பெற்றோர், “உனக்கேன் இந்த வேலை” என்று பிள்ளையைத் தடுப்பதில் நியாயம் இருக்கிறது. அதைப் பேச்சால் மாற்ற முடியாது. உரிமத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, லாக் புத்தகத்தை மேசைமேல் திறந்துவைத்து, கிராம அலுவலரையும் காவல் நிலைய அதிகாரியையும் கிளப்புக்கு வரவழைத்துக் காட்ட வேண்டும். அரசியலும் மதமும் வியாபாரமும் வானலையில் பேசக்கூடாது என்ற விதி இங்கே நமக்குத் துணை. காற்று, மழை, ஆன்டெனா, சிக்னல் என்று பேசிப் பழகியவர்களை யாரும் சந்தேகிக்கத் தேவையில்லை.

கொழும்புச் சங்கத்திடமிருந்து இந்தியக் கிளப்புகள் கற்க வேண்டியது, அரசின் முன் ஒரே குரலாக நிற்பதை. இந்தியாவிடமிருந்து இலங்கை கற்க வேண்டியது, ஊருக்கு ஊர் வேர்விடுவதை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. மாணவர்கள், ஆய்வுக்கூடம், திறந்தவெளி எல்லாம் அங்கே உண்டு. கிளப் அங்கே வேண்டும், மட்டக்களப்பில் வேண்டும், நாகையில் வேண்டும். பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. தேர்வுக்கான அடிப்படை மின்னியலையும் விதிகளையும் தமிழில் எழுதும் வேலையைச் சென்னை, கோவை ஹாம்கள் எடுத்துக்கொண்டால் அது மூன்று ஊருக்கும் பயன்படும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை அடித்தபோது செல்போன் கோபுரங்கள் சாய்ந்து, மின்சாரம் வாரக்கணக்கில் வரவில்லை. அப்படி ஒரு ராத்திரிக்குத் தேவைப்படுவது ஒரு 12 வோல்ட் பேட்டரி, இருபது மீட்டர் கம்பி, எதிர்முனையில் பழகிய ஒரு குரல். முதல் இரண்டையும் ஒரு நாளில் வாங்கிவிடலாம். மூன்றாவதற்கு, ஆண்டுதோறும் அக்டோபர் மூன்றாம் வார இறுதியில் சாரணர்கள் உலகமெங்கும் வானலையில் கூடும் ஜோட்டா நல்ல சாக்கு. அந்த நாளில் நாகைப் பள்ளிச் சாரணர்களும் யாழ்ப்பாணத்துச் சாரணர்களும், பக்கத்தில் உரிமம் பெற்ற ஹாம் ஒருவர் இருக்க, 7 மெகாஹெர்ட்ஸில் தமிழில் பேசட்டும். மறுவாரம் அதே நேரத்தில் அந்த ஹாம்கள் இருவரும் மறுபடி வரட்டும்.