திறந்த ஏடுகளும் நன்னூலாரின் காற்கூறும்

கல்வியில் ஆசிரியன் தருவது எவ்வளவு, மாணாக்கன் தானே ஈட்டுவது எவ்வளவு என்பதற்குப் பவணந்தியார் ஒரு கணக்கே வகுத்துள்ளார். ஆசிரியன் உரைத்ததனைச் செவ்வனே கொண்டவிடத்தும் கிட்டுவது காற்கூறே. உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு. எஞ்சிய அரைக்கூறு பிறர்க்கு விரித்துரைத்தலால் வருவது. ‘திறந்த கல்வி வளங்கள்’ என்று இன்று பேசப்படுவனவற்றை அளத்தற்கு நன்னூற் பாயிரத்து இக்கணக்கே போதும்.

இத்தொடர் 2002ஆம் ஆண்டு பாரிசில் யுனெஸ்கோ கூட்டிய அவையில் வழக்கிற்கு வந்தது. விலையின்றிப் படித்தல் மட்டுமன்று. படித்ததனைத் திருத்தவும், பிறவற்றோடு சேர்க்கவும், மீளப் பரப்பவும் உரிமை அளித்தலே அதன் பொருள். இதனை முற்றும் புதுமை என்பார் தமிழ் உரைமரபை மறந்தவராவர். சங்கரநமச்சிவாயர் நன்னூலுக்குக் கண்ட விருத்தியுரையைச் சிவஞான முனிவர் திருத்திப் புதுக்கினார். நல்லூர் ஆறுமுக நாவலரோ மாணாக்கர்பொருட்டு அந்நூலுக்குக் காண்டிகையுரை அமைத்தார். முன்னோர் உரையைப் பூட்டிவைத்துப் போற்றாது, எண்ணிப்பார்த்துக் கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளிய மரபு அது.

யாழ்ப்பாணத்தார்க்கு ஏட்டின் அருமை எடுத்துரைக்க வேண்டுவதன்று. 1981இல் பொதுநூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் கட்டணமின்றி யாவர்க்கும் திறந்துவைத்துள்ளது. இதனினும் பெரிய தமிழ்த்தொண்டு அண்மைக்காலத்தில் அரிது. எனினும் ஆங்குள்ளவை பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். பலவற்றின் பதிப்புரிமையும் உரியவரிடமே உள்ளது. படித்தல் எளிது, திருத்தி விரித்தல் அத்துணை எளிதன்று. அரசின் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாய்க் கிடைக்கின்றன. ஆயினும் இவையெல்லாம் தருவது முதற் காற்கூறே.

மற்றை முக்காற்கூறு பள்ளியின் கடன். அங்கேதான் குறை மிகுதி. இணையத்திலிருந்து இறக்கிய விடைகளைப் பார்த்தெழுதும் மாணவன், நன்னூலார் கடைமாணாக்கர்க்கு உவமை கூறிய பன்னாடையை ஒப்பான். கோது தங்கும், தேன் ஒழுகிவிடும். ஐயம் தோன்றியவிடத்தன்றிச் சிந்தனை பிறவாது என்று ஜோன் டூயி 1910இல் எழுதினார். பிறர் விடையைப் படியெடுப்பவனுக்கு ஐயம் எங்ஙனம் தோன்றும்? பரீட்சையும் அதனைக் கேட்பதில்லை.

செய்யத்தக்கது பெருஞ்செலவினதன்று. நிலத்தடி நீர் பற்றிய பாடமொன்றை ஒரு வகுப்பு எடுத்துக்கொள்ளட்டும். குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தையும் தத்தம் வீட்டுக் கிணற்றையும் வைத்து அதற்கு மாணவரே உரை எழுதி, ஒருவர்க்கொருவர் விளக்கி, யாவரும் திருத்தத்தக்கதாய் வெளியிடட்டும். மறு ஆண்டு வகுப்பார் அதிற் பிழை காண்பின் திருத்துக; எழுதியவர் பெயரோடு திருத்தியவர் பெயரும் அதன்கீழ் நிற்றல் வேண்டும்.