நல்ல கையைத் தூக்கிப்போடுகிறவர்

வெள்ளிக்கிழமை சாயங்காலக் கடைப் போட்டிகளில் அவரைப் பற்றிச் சொல்லப்படும் குறை ஒன்றே ஒன்றுதான்: வந்த கையை வைத்து ஆடத் தெரியாதவர். மேஜிக் தி கேதரிங் சீட்டாட்டத்தில் ஏழு சீட்டு எடுத்துப் பார்க்கிறார். பக்கத்து மேசைக்காரர் சந்தோஷமாக வைத்துக்கொள்ளக்கூடிய கையைக் கவிழ்த்து, டெக்கோடு சேர்த்துக் கலைத்துவிடுகிறார். இதற்குப் பெயர் மல்லிகன். ஆறு சீட்டோடு ஆட்டத்தை ஆரம்பிக்கிறார். ஜெயித்தால் அதிர்ஷ்டக்காரர் என்கிறார்கள், தோற்றால் அவசரக்காரர் என்கிறார்கள். இரண்டும் தப்பு. உள்ளூர்ப் போட்டி என்றால் என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டு ஆடுகிறவர் அவர்தான். இதில் நான் அவர் கட்சி என்பதை மறைக்கப்போவதில்லை.

கணக்கிலிருந்தே தொடங்குவோம். 60 சீட்டு டெக்கில், மற்றச் சீட்டுகளை இறக்கச் சக்தி தரும் லேண்ட் சீட்டு 24 என்று வைத்துக்கொண்டால், முதல் ஏழு சீட்டில் லேண்டே வராமலோ ஒன்றே ஒன்று வந்தோ நிற்க 14 சதவீத வாய்ப்பு. ஆறோ ஏழோ லேண்டாகவே வந்து குவிவது ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. இந்தக் கைகளைத் தூக்கிப்போட யாருடைய யோசனையும் வேண்டாம். மூன்று அல்லது நான்கு லேண்ட் வருவது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. மிச்சம் இருப்பவை இரண்டு லேண்ட் கையும் ஐந்து லேண்ட் கையும். சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு. இங்கேதான் பெரும்பாலோர் பழக்கத்தை நம்பி வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு லேண்ட் கையோடு முதலில் ஆடுகிறவர், மூன்றாவது முறைக்குள் மூன்றாவது லேண்டைப் பார்க்க 66 சதவீத வாய்ப்புதான் உண்டு. முதலில் ஆடுகிறவருக்கு முதல் முறையில் சீட்டு எடுக்கும் உரிமை இல்லையே. அதே கையோடு இரண்டாவதாக ஆடினால், அந்த ஒரு சீட்டின் தயவில் வாய்ப்பு 81 சதவீதமாகிறது. அதே ஏழு சீட்டு, இரண்டு வேறு கைகள். நம்மவர் இரண்டாவதாக ஆடும்போது வைத்துக்கொண்டு, முதலில் ஆடும்போது கவிழ்ப்பதைப் பார்த்துவிட்டு, அவருக்கு ஒரு நிலையே இல்லை என்று பேசுகிறவர்கள் இந்த 15 சதவீத வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இருந்தாலும், அவரை லேண்ட் கணக்கு மட்டும் தெரிந்தவர் என்று சுருக்கினால் அதுவும் அநியாயம். மூன்று லேண்ட், இறக்க நிறைய லேண்ட் கேட்கும் நான்கு சீட்டு என்று பார்வைக்கு லட்சணமாக வந்த கையைக்கூட அவர் கவிழ்க்கிறார். விமர்சகர்களுக்குப் பொறுக்காமல் போவது இதுதான். அவர் கையைப் பார்க்கும் விதத்தைக் கவனித்தால் விஷயம் விளங்கும். ஏழு சீட்டையும் விசிறி மாதிரி பிடிப்பதோடு நிறுத்துவதில்லை. லேண்டுகளை இடது ஓரம் ஒதுக்கி, மற்றவற்றை எந்த முறையில் இறக்க முடியுமோ அந்த வரிசையில் அடுக்குகிறார். முதல் முறைக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று, மூன்றாவதுக்கு ஒன்று என்று கட்டைவிரல் நகர்கிறது. எங்கேயாவது விரல் நிற்க இடமில்லாமல் போனால், எதிரே உட்கார்ந்திருப்பவரை ஒரு தடவை ஏறிட்டுப் பார்க்கிறார். முடிவு அந்தப் பார்வையில் இருக்கிறது. எதிரே இருப்பவர் வாராவாரம் சிவப்பு டெக்கோடு வருகிறவர், நான்கைந்து முறைக்குள் இருபது உயிரையும் கரைத்துவிடுகிறவர் என்றால், நான்காவது முறைக்கு முன் எதுவும் செய்யாத கை அவருக்கு எதிராக ஒரு கையே அல்ல. அதே கை வந்து, எதிரே ஆற அமர ஆடும் நீலக் கட்டுப்பாட்டு டெக்காரர் இருந்தால், அது அந்த ராத்திரியின் மிகச் சிறந்த கை.

உள்ளூர்ப் போட்டிக்கே உரிய வசதி இது. முன்பின் தெரியாத எதிராளியோடு உட்காரும் பெரிய போட்டியின் முதல் ஆட்டத்தில், கையைப் பொதுவாகத்தான் மதிப்பிட முடியும். அதனால்தான் தொழில்முறைப் போட்டிகள் பலவற்றில் இருவர் டெக் பட்டியலையும் பரஸ்பரம் காட்டிவிடுகிறார்கள். கடைப் போட்டியில் அந்தப் பட்டியலை யாரும் தாளில் எழுதித் தருவதில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டுமே ஆடும் இடத்தில், அதே ஆட்கள் அதே டெக்கோடு மாதக்கணக்கில் வருகிறார்கள். டெக் கட்டுவதற்கு ஆகும் செலவுக்கு யாரும் வாரம் ஒன்று மாற்ற முடியாது. எல்லோரும் தங்கள் பட்டியலை எல்லோருக்கும் தாமாகவே கொடுத்துவிட்டார்கள், அதை வாங்கிப் பயன்படுத்துகிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் இந்த அறிவை ஆட்டத்தின் நடுவில், எதிராளி என்ன வைத்திருப்பார் என்று ஊகிக்க மட்டும் செலவழிக்கிறார்கள். அவரோ முதல் சீட்டு மேசைக்கு வருவதற்கு முன்பே செலவழித்துவிடுகிறார்.

விதியும் அவர் பக்கம் வந்துவிட்டது. ஆட்டம் 1993இல் வெளிவந்த காலத்தில், கை முழுக்க லேண்ட் என்றாலோ லேண்டே இல்லை என்றாலோதான் மறு கை. பிறகு வந்த முறையில் ஒவ்வொரு தடவையும் ஒரு சீட்டு குறைவாக எடுக்க வேண்டும். ஆறு என்றால் ஆறுதான், கிடைத்ததைக் கொண்டு திருப்திப்பட வேண்டும். 2015இல் அதற்கு ஆறுதலாக டெக்கின் மேல் சீட்டை ஒன்று பார்க்க விட்டார்கள். 2019இல் வந்த லண்டன் மல்லிகன் எல்லாவற்றையும் மாற்றியது. இப்போது ஒவ்வொரு தடவையும் ஏழு சீட்டையும் முழுசாக எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாததை நாமே பொறுக்கி டெக்கின் அடியில் வைக்கிறோம். முதல் மல்லிகனில் ஏழு விதமாகக் கழிக்கலாம், இரண்டாவதில் 21 விதமாக. ஆறு சீட்டு என்பது இன்று தண்டனையாகக் கிடைத்த ஆறு அல்ல, தேர்ந்தெடுத்த ஆறு. விதி மாறிப் பல வருடங்கள் ஆகியும் கடைகளில் பேச்சு மட்டும் பழைய விதியிலேயே நிற்கிறது.

முதல் ஆட்டம் முடிந்து, டெக்குக்கு வெளியே வைத்திருக்கும் சைட்போர்டிலிருந்து சீட்டுகளை மாற்றிக்கொண்ட பிறகு, இரண்டாவது மூன்றாவது ஆட்டங்களில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். எதிராளியின் டெக்கை முடக்கும் ஒரு சீட்டை நான்கு பிரதி சேர்த்திருக்கிறோம் என்றால், முதல் ஏழில் அதில் ஒன்றாவது வர 40 சதவீத வாய்ப்பு. வராத கையைக் கவிழ்த்து இன்னொரு ஏழு பார்க்கத் தயாராக இருந்தால், இரண்டில் ஒன்றில் கிடைக்கும் வாய்ப்பு 64 சதவீதம். ஒரே ஒரு சீட்டுதான் பாதி ஆட்டத்தைத் தீர்மானிக்கும் என்னும் மோதல்களில் இதற்கு ஒரு சீட்டு விலை கொடுப்பது மலிவு.

எதிர்வாதங்களில் லேசானதை முதலில் முடித்துவிடலாம். 50 நிமிடச் சுற்றில் கலைத்துக் கலைத்து நேரத்தை வீணடிக்கிறார் என்கிறார்கள். ஓடாத கையை வைத்துக்கொண்டு முழிப்பதில் போகும் நேரம் அதைவிட அதிகம். அடுத்தது, ஏழுக்கு ஆறு குறைவுதானே என்பது. குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒப்பிட வேண்டியது பொதுவான ஏழையும் பொதுவான ஆறையும் அல்ல. இப்போது கையில் இருக்கும் இந்த ஏழை, இந்த எதிராளிக்கு எதிராக, வரக்கூடிய சராசரி ஆறோடு. தோல்விகளைக் கணக்கு வைக்கும் முறையிலும் ஒரு பாரபட்சம் இருக்கிறது. ஆறோடு தோற்றால் காரணம் அந்த ஆறு என்று எழுதிவிடுகிறோம். மோசமான ஏழோடு தோற்றால் லேண்ட் வரவில்லை என்று டெக்கைத் திட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம். வைத்துக்கொண்டது ஒரு முடிவு என்பதே நினைவில் நிற்பதில்லை. நம்மூர் ரம்மியில் இந்தக் குழப்பம் கிடையாது. 101 ரம்மியில் கை சரியில்லை என்று ஆரம்பத்திலேயே டிராப் செய்து 20 புள்ளியோடு ஒதுங்குகிறவரை யாரும் கோழை என்பதில்லை. விவரமானவர் என்றுதான் சொல்வார்கள்.

கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு: திறமைசாலிக்கு மல்லிகன் எதற்கு? எதிராளியைவிட நன்றாக ஆடக்கூடியவர், சுமாரான கையை வைத்துக்கொண்டு நீண்ட ஆட்டத்தில் சாமர்த்தியத்தால் ஜெயிக்கலாமே, ஒரு சீட்டை ஏன் இழக்க வேண்டும்? இதில் நியாயம் இருக்கிறது. எதிராளி தடுமாறுகிறவர், அவசரப்படுத்தாதவர் என்றால் சுமாரான கையை வைத்துக்கொள்வதே சரி, நம்மவரும் அப்படித்தான் செய்கிறார். ஆனால் சாமர்த்தியம் காட்டுவதற்கு இறக்க ஒரு சீட்டும், அதை இறக்க லேண்டும் வேண்டும். மூன்று முறை சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு முடிவெடுக்க ஒன்றும் கிடைக்காது. திறமை அதிகமாக இருக்க இருக்க, ஆட்டம் நடக்காமலே முடிந்துபோகும் கைகளுக்குத்தான் ஒருவர் அதிகம் பயப்பட வேண்டும். எட்டுப் பேர், தோற்றவரும் வெளியேறாமல் ஆடும் மூன்று ஸ்விஸ் சுற்று என்னும் சின்னப் போட்டியில் ஒரு சுற்று இப்படிப் போனால் முதலிடமும் அதோடு போய்விடும்.

இனி நடக்கப்போவது என்ன? புதிய சீட்டுத் தொகுப்பு வெளியாகும் முன் நடக்கும் அடுத்த ப்ரீரிலீஸ் போட்டியில் அவர் சோபிக்க மாட்டார். ஆறு பாக்கெட் பிரித்து அங்கேயே 40 சீட்டு டெக் கட்டும் ஆட்டத்தில் யாருடைய பட்டியலும் யாருக்கும் தெரியாது. அவருடைய பெரிய ஆயுதம் உறையிலேயே இருக்கும், பழையபடி விமர்சகர்கள் குதூகலிப்பார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமைகளில் அவரைக் காப்பியடிக்கிறவர்கள் கிளம்புவார்கள். நான்கு பேர் ஆடும் கமாண்டர் வகை ஆட்டத்தில் முதல் மல்லிகனுக்கு விலையே கிடையாது. அந்தப் பழக்கத்தோடு வருகிற இளசுகள்தான் முந்திக்கொள்வார்கள். ஆனால் எதிரே இருப்பவரை ஏறிட்டுப் பார்க்காமல் கையை மட்டும் கவிழ்ப்பார்கள், நன்றாக அடிபடுவார்கள். சிவப்பு டெக்காரர்களில் விவரமான ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் டெக்கை மாற்றி வந்து ஒரு வாரம் அவரைச் சாய்ப்பார். அதற்குப் பிறகு அவர் அந்த ஆளுக்கு எதிராக மட்டும் கையைப் பொதுவாக மதிப்பிடத் தொடங்குவார், மற்றவர்களுக்கு எதிராக எதையும் மாற்ற மாட்டார். சீசன் முடிவில் பட்டியலின் மேலே அவர் பெயர் இருக்கும். அந்தச் சீசனின் கடைசிச் சுற்றில் அவர் முதலில் ஆட நேர்ந்து, இரண்டு லேண்ட் கை வந்தால், சுற்றி நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டினாலும் கவிழ்த்துவிட்டுத்தான் ஆடுவார்.