ஒளியின் அளவும் அதன் ஒழுங்கும்: பிளேசார் ஆய்வு பற்றிய ஒரு விமர்சனக் குறிப்பு

1929இல் ஹொஃப்மைஸ்டர் கண்டறிந்த பீ.எல். லசேர்ட்டே நெடுங்காலம் மாறொளி உடுவாகவே பட்டியலிடப்பட்டிருந்தது. வானொலி அலைகளை உமிழும் மூலமொன்றே அதுவென 1968இல் இனங்காணப்பட்ட பின்னரே, தொலைதூர உடுத்தொகுதியொன்றின் மையம் அது என்ற உண்மை படிப்படியாகத் துலங்கிற்று. ஒளி கூடிக் குறைவதை மட்டும் அளந்தமையே இத்தவறுக்கு அடிப்படை என்பது எமது கருத்து.

பிளேசாரில், கருந்துளையின் அண்மையிலிருந்து எம்மை நோக்கிப் பாயும் தாரையிலே, ஒளியின் வேகத்தை அண்மிய இலத்திரன்கள் காந்தப்புலத்திற் சுழன்று ஒளியை உமிழ்கின்றன. திடீர் ஒளிப்பெருக்கு இதன் புறத்தோற்றம். ஒளியின் முனைவாக்கமோ புலத்தின் உள்ளொழுங்குக்குச் சான்று.

2005இல் இதே பொருளின் முனைவாக்கத் திசை ஐந்து நாட்களில் ஏறத்தாழ 240 பாகை திரும்பியது. சுருளிவடிவப் புலத்தினூடாக நகரும் கிளர்ச்சியொன்றே இதற்குக் காரணமென மார்ஷரும் சகஆய்வாளரும் 2008இல் விளக்கினர். கவர்ச்சியான விளக்கந்தான். ஆயினும் கொந்தளிக்கும் புலத்திலே தற்செயலாகவும் இத்தகைய சுழற்சி தோன்றலாம். மேலும், 180 பாகை திரும்பிய திசையைப் பழைய திசையிலிருந்து பிரித்தறிய இயலாது. எனவே அவதானங்களுக்கிடையே இடைவெளி நீளின், எப்பக்கம் திரும்பியது என்பதே ஐயத்துக்குரியதாகும். ஒற்றை நிகழ்ச்சியை விதியாக்க முனைவோர் இதனை மறந்துவிடுகின்றனர். (ஒரு நூலைக் கொண்டு ஒரு காலத்தையே வரையறுத்த இலக்கிய வரலாறுகளிலும் இந்நோயை நாம் கண்டதுண்டு.)

கிரேத்தாத் தீவின் ஸ்கினாகாஸ் அவதான நிலையத்தில் 2013இல் ஆரம்பமான ரோபோபொல் திட்டம், பல பிளேசார்களை ஒரே முறையில் தொடர்ந்து நோக்கியது. சுழற்சிகள் அனைத்துமே தற்செயலானவையாக இருத்தல் அரிது என்பது அதன் முடிபு. குறித்த ஒரு சுழற்சி எவ்வகையினது என்பதை அம்முடிபு கூறவில்லை.