டியூபாவா, சிம்பாஸோவா?

இத்தாலிய இசை நாடகங்களுக்கு வாசிக்கும் வாத்தியக் குழுக்களில், டிராம்போன்களுக்கு அடியில் மந்தர ஸ்தாயியைத் தாங்கும் பித்தளைக் கருவியாக நெடுங்காலம் டியூபாவே இருந்து வந்தது. இப்போது பல அரங்குகளில் அதன் இடத்தில் சிம்பாஸோ அமர்ந்துள்ளது. வெர்டியின் இசை அவர் விரும்பிய வடிவிலேயே இதனால் கிடைக்கிறது என்கிறார்கள். இக்கூற்றில் பாதிதான் உண்மை.

உண்மையான பாதியை முதலில் நோக்குவோம். டிராம்போனின் குழாய் பெரும்பகுதியும் ஒரே அகலமுள்ள உருளை. டியூபாவினுடையது விரிந்துகொண்டே போகும் கூம்பு. மெல்ல ஊதும்போது வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. உரக்க ஊதினாலோ, ஒலியலையில் அழுத்தம் மிகுந்த பகுதி மற்றப் பகுதிகளைவிடச் சற்று வேகமாகச் செல்லும். நீண்டு குறுகிய உருளைக் குழாயில் இவ்விளைவு சேர்ந்துகொண்டே போய், கரையை நெருங்கும் கடலலை போல ஒலியலையின் முகப்பு நிமிர்ந்துவிடும். அப்போது உயர்ந்த மேற்சுரங்கள் பெருகிப் பளீரென்ற ஒலி பிறக்கிறது. கூம்பில் அலை விரிய விரிய அழுத்தம் தளர்வதால் டியூபாவின் ஒலி உருண்டையாகவே நிற்கும். மூன்று டிராம்போன்கள் முழங்குமிடத்தில் அது ஒட்டாமல் போவது இதனால்தான்.

வெர்டியின் காதும் இதைக் கண்டுகொண்டது. 1872-ல் மிலானில் நடந்த 'ஐடா' அரங்கேற்றத்தையொட்டிப் பதிப்பாளர் ரிகோர்டிக்கு எழுதியபோது, டியூபா இனத்தைச் சேர்ந்த பாம்பர்டோனே வேண்டவே வேண்டாம், டிராம்போன் குடும்பத்துக் கருவி வேண்டும் என்றார். 1881-ல் மிலான் நகரப் பெலிட்டி தொழிற்கூடம் வால்வு பொருத்திய பெரிய டிராம்போனைச் செய்தது. இன்றைய சிம்பாஸோ அதன் வழிவந்ததே. 'ஒதெல்லோ'வுக்கு (1887) அதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

ஆனால் பெல்லினியின் 'நோர்மா'வுக்கும் (1831), 'நபுக்கோ'வுக்கும் (1842) அதையே எடுத்து வருகிறார்களே, அங்குதான் தவறு. அக்காலத்தில் சிம்பாஸோ என்ற பெயர் விரல் துளைகள் கொண்ட மரக்கருவிக்கு உரியது. பின்னர் ஒஃபிக்ளைடுக்கும் அப்பெயரே வழங்கியது. பெயர் ஒன்று, பொருள் வேறு! பாரீஸில் 1821-ல் காப்புரிமை பெற்ற ஒஃபிக்ளைடு, சாவிகளால் துளைகளைத் திறந்து மூடும் கூம்புக் குழாய். நீளம் சுமார் இரண்டரை மீட்டர். இன்றைய எஃப் சுருதிச் சிம்பாஸோவுக்கோ ஏறத்தாழ 3.7 மீட்டர். இதை வைத்து 'நபுக்கோ'வை வாசித்தால் பாடகர்களின் குரலுக்கு அடியில் மெத்தென்று கிடக்க வேண்டிய ஒலி உறுமத் தொடங்கிவிடுகிறது.

கூம்பு என்றாலே வெர்டிக்கு ஆகாது என்றும் கொள்ள வேண்டாம். அதே கடிதத்தில், பாம்பர்டோனேக்குப் பதில் ஒஃபிக்ளைடு வந்தாலும் சரியே என்று இடங்கொடுத்தவர் அவர். அதுவும் கூம்புதான், ஆனால் பாம்பர்டோனேயைப் போல அகன்றதன்று. ஒஃபிக்ளைடு வாசிப்போர் கிடைக்காவிட்டால், முற்காலப் படைப்புகளுக்குச் சிறிய டியூபா ஒன்றை அடக்கி வாசிப்பதே மேல் என்பது என் கருத்து.